வியாகுலமேரியின் நாக்கு

வியாகுலமேரியை யாரும் வேலை ஏவாத நேரம் நாளில் ஒன்றே ஒன்றுதான். தேனியை ஒட்டிய மாத்திரை கம்பெனியின் குளிர்ந்த அறையில், நாக்கில் மாத்திரையை வைத்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருக்கும் நேரம்.

வீட்டில் அப்படியா? கணவன் அமல்ராஜின் சட்டையில் பட்டன் அறுந்தால் மேரி. மாமியாருக்கு மூக்குக் கண்ணாடி காணோம் என்றால் மேரி. கண்ணாடி மாமியாரின் மூக்கிலேயே இருக்கும். அதையும் மேரிதான் வந்து சொல்ல வேண்டும். அந்த அபலையின் கண்ணீரைத் துடைக்க புகுந்த ஊரான அல்லிநகரத்தில் ஒரு கை இல்லை. அப்போதுதான் கம்பெனி கைகொடுத்தது.

தண்ணீர் இல்லாமல் வாயிலேயே கரையும் மாத்திரைகள் அவை. எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்க்க, மருந்து சேர்க்காத சோதனை மாத்திரையை வேலைக்கு வரும் பெண்களின் நாக்கில் வைப்பார்கள். கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. கரைந்ததும் கையைத் தூக்க வேண்டும். மற்ற பெண்களின் கைகள் படபடவென்று எழும். மேரி மட்டும் கண்ணை மூடிச் சிலையாக இருப்பாள்.

"ஏத்தா மேரி, கரைய வந்துச்சா, குடியிருக்க வந்துச்சா?" என்றாள் பக்கத்து நாற்காலி ஜக்கம்மா.

சோதனை அதிகாரி சுந்தரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெளிறிப்போனார். அட்டைப்பெட்டியில் 'நொடியில் கரையும்' என்று அச்சடித்தாகிவிட்டது. மாத்திரைக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

"நாக்கைக் கொஞ்சம் அசைச்சுத்தான் பாருங்களேம்மா!"

முழுதும் கரைந்த பிறகே மேரி கையைத் தூக்கினாள். பிறகு, "வரலையே சார். ராயப்பன்பட்டியில சின்னப்புள்ளையில பழகினது. பூசையில சாமியாரு நம்ம நாக்குல நற்கருணை அப்பம் வைப்பாக. பல்லு படப்படாது, நாக்கு ஆடப்படாதுன்னு சிஸ்டர் சொல்லிக்குடுத்தாக" என்றாள்.

"இது மாத்திரைம்மா!"

"எனக்குத் தெரியும் சார். நாக்குக்குத் தெரியலையே."

ஜக்கம்மா சிரித்த சிரிப்பில் அவள் வாயிலிருந்த அடுத்த மாத்திரை தெறித்து விழுந்தது. அதையும் 'கரைந்தது' என்றே எழுதிக்கொண்டார்கள்.

சுந்தரலிங்கம் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பாப்போம். கை சீக்கிரம் எழலைன்னா நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆளு."

நாற்காலி போய்விடுமா? இனி பொழுது விடிந்தது முதல் அடைவது வரை 'மேரி, மேரி'தானா? புது மாத்திரை நாக்கில் பட்டது. 'சேசுவே, மன்னிச்சிரும்' என்று மனசுக்குள் கதறியபடி முழுசாக விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அறை கைதட்டலில் அதிர்ந்தது. சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதும்மா நாக்கு!" நாற்காலி மேரிக்கே நிரந்தரமானது. பாராட்டி ஓர் எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுத்தார்கள்.

இப்போது தினமும் அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். வைக்கிறார்கள், விழுங்குகிறாள், கையைத் தூக்குகிறாள். நாற்காலி சூடாகும் முன்பே வேலை முடிந்து, முதல் பஸ்ஸிலேயே வீடு.

"அதுக்குள்ள வந்துட்டியா ஆத்தா?" மாமியாரின் குரலில் இதுவரை இல்லாத பாசம். "நல்லதாப் போச்சு. உள்ள வராத, அப்படியே போயி மொளகாய மொட்டமாடியில காயப்போட்டுட்டு வந்துரு."