மணிக்கட்டு சொன்ன வயசு

எக்ஸ்ரே எடுக்கிறவனிடம் எலும்பைக் காட்டத்தான் வருவார்கள், அந்த எலும்பு சொல்வதை மட்டும் நம்ப மாட்டார்கள். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு இது தெரியும். எண்பதுகளில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை பார்த்தேன். வயசுக்கு மீறிப் பருவ அறிகுறி தெரிகிற பிள்ளைகள் வந்தால் இடது மணிக்கட்டைப் படம் எடுக்கச் சொல்வார். எலும்பு எத்தனை வயசுக்கு வளர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

மீசை

குருவிகுளத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் ஆறு வயசு மகனைக் கூட்டி வந்தார். அரும்பு மீசை, உடைந்த குரல். ஊரில் அவருக்கு அது பெருமை. வாத்தியார் விரட்டியதால்தான் வந்திருந்தார். படத்தில் எலும்புக்குப் பன்னிரண்டு வயசு. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் பிறவிக் கோளாறு, மருந்து சாப்பிடாவிட்டால் பையன் சீக்கிரமே வளர்ச்சி நின்று குள்ளமாகிவிடுவான் என்றார் டாக்டரம்மா. எல்லாம் கேட்டுவிட்டுச் சம்சாரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மருந்து குடுத்துருதேன் அண்ணாச்சி. மீசை மட்டும் இருந்துட்டுப் போட்டும்."

மிட்டாய் டப்பா

நாலு வயசுப் பெண் குழந்தைக்குப் பெரிய பெண்ணுக்குரிய அறிகுறிகள். எதிர்வீட்டுக்காரி கோழிமுட்டை மேல் பழி போட்டாளாம். சித்தப்பா, டூரிங் டாக்கீஸ் மேல். டாக்டரம்மா, வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று மட்டும் கேட்டார். தாய் அழுதுவிட்டாள். கருத்தடை மாத்திரையை மிட்டாய் டப்பாவில் வைத்திருந்திருக்கிறாள். "மாமியா கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சேன். பிள்ளை கண்ணுல பட்டுட்டு."

சடங்குப் பத்திரிகை

ஏழு வயசு மகள் பெரியவளாகிவிட்டாள் என்று ஒரு தாய் வந்தாள். கூடவே பெண்ணின் தாய்மாமன், தறிக்கூடம் நடத்துகிறவர். பெண்ணுக்கு ஊதிய முகம், வறண்ட தோல். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். எலும்புக்கோ நாலு வயசுதான். தைராய்டு குறைவு, இது வயசுக்கு வந்ததே அல்ல, மாத்திரை சாப்பிட்டால் உதிரப்போக்கு நின்று பிள்ளை வளரும் என்றார் டாக்டரம்மா.

மாமன் பையிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்து வைத்தார். பந்தலுக்கும் சொல்லியாச்சாம், சடங்கை முடித்துவிட்டு மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அதுவரை தலைகுனிந்து நின்ற தாய், பத்திரிகைக் கட்டை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அவளும் மகளும் மட்டும் வந்தார்கள். மாமன் பேசுவதில்லையாம். உதிரப்போக்கு நின்றிருந்தது, பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது. பிள்ளை எப்படி என்றேன். "நீங்கதான் பிடிச்சு நிறுத்திப் படம் எடுக்கணும் அண்ணாச்சி. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கா."

எத்தனையோ பிள்ளைகளின் எலும்புக்கு வயசு சொல்லிவிட்டேன். கூட வருகிற பெரியவர்கள் எப்போது பெரியவர்கள் ஆவார்கள் என்று காட்டத்தான் எந்த மெஷினும் வரவில்லை.