ஐஸ் கொம்பனி பூட்டியிருந்த வெள்ளிக்கிழமை

முதல் அறிகுறி இரத்தம்தான். மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழிந்த பிறகு ஒருநாள் உள்பாவாடையில் கறை கண்டேன். வெயிலில் அலைந்த சூடு என்று நானே முடிவுகட்டி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். கறை மறுபடியும் வந்தது. மறுபடியும் வெந்தயம் குடித்தேன். இதைப் படிக்கும் பெண்கள் வெந்தயத்தைக் கறிக்குப் போட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

பயொப்சி (நோயுள்ள இடத்தில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. வைத்தியர் என் மகள் வயதுப் பெண். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அம்மா, இது சுகப்படுத்தக்கூடிய கட்டம். ஆனா ஒரு நாளும் தவறவிடாமல் வரவேணும்."

நான் தலையாட்டினேன். என் கணவர்தான் வெளி விறாந்தை வாங்கிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். கடலில் காற்றடித்து எஞ்சினும் நின்றுபோன நாளில்கூட அழாத மனிதர்.

அந்த வாரமே கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டி வந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். ஒரு தடவை வரும்போது அமெரிக்க கன்ட்ரி (அங்கத்து மாட்டுக்காரர்களின் நாட்டுப்பாடல் வகை) பாடகர் ஒருவரின் கசற் கொண்டுவந்தார். யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரில் எங்கள் மீனவர் வீட்டில், தையல் மெசினுக்குப் பக்கத்தில், அந்த மனிதர் வருடக்கணக்காகப் பாடினார். எனக்கு இங்கிலீசு பாதிதான் விளங்கும். ஆனால் தனிமை, இரயில், விட்டுப்போன பெண் எல்லாம் விளங்கும். யுத்த இடப்பெயர்வில் கசற் தொலைந்தது. பிறகு தொலைபேசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு வந்தேன்.

பெட்டியில் இருந்தது அவருடைய முழு வாழ்க்கை. பொடியனாக முதன்முதல் பாடியதிலிருந்து, இறப்பதற்குச் சற்று முன் வீட்டில் கிட்டாரோடு தனியே பாடியது வரை, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தார்கள். குடும்ப வேதாகமத்தின் பாரம் இருந்தது. கூடவே ஒரு சீடி பிளேயரும் அனுப்பியிருந்தான் தம்பி.

"அக்கா, முழு மனுசனும் அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறார்" என்றான் தொலைபேசியில். "நீங்கள் கேட்டதெல்லாம் நடுவிலை கொஞ்சம்தான்."

கணவருக்கு அந்தப் பாட்டுகள் அறவே பிடிக்காது. "உம்மடை மாட்டுக்காரன் இப்ப பெட்டி படுக்கையோடையே வந்திட்டான்" என்றார்.

அடுத்த நாள் விபூதிப் புதன், தபசுகாலத்தின் தொடக்கம். எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் உயிர்த்த ஞாயிறு வரை ஏதாவது ஒன்றை விடுவார்கள். இறைச்சி, படம், வெற்றிலை, யாருக்கு எது ருசியோ அது. என் கணவர் சாராயத்தை விட்டார். அதில் எனக்கும் இலாபம். நெற்றியில் சாம்பலோடு நான் நேர்ந்துகொண்டேன்: எனக்குச் சுகம் தாரும் ஆண்டவரே, உயிர்த்த ஞாயிறு வரை ஒரு பாட்டும் கேட்கமாட்டேன். பெட்டியின் கண்ணாடித்தாளைக்கூடக் கிழிக்காமல் சோகேசில் வைத்துப் பூட்டினேன்.

"வருத்தக்காறி பாட்டைக் கேட்டால் மனம் ஆறும்" என்றார் கணவர். "ஆண்டவர் உதுக்கெல்லாம் கோவிக்கமாட்டார். உடைச்சுக் கேளுமப்பா."

"நேத்தி எண்டால் நேத்திதான். நீங்கள் உங்கடை போத்திலைப் பாத்துக்கொள்ளுங்கோ."

சிகிச்சையும் தபசுகாலமும் ஒன்றாகத்தான் நடந்தன. வார நாட்களில் கதிர்ச் சிகிச்சை. வாரத்தில் ஒருநாள் சிஸ்பிளாட்டின் (புற்றுக் கலங்களைக் கொல்ல நரம்பு வழியே ஏற்றும் மருந்து). வைத்தியசாலையிலிருந்து, வழியில் சுன்னாகத்தில் ஏற்றும் வெங்காய மூட்டைகளோடு பஸ்ஸில் திரும்பி வருவேன். அந்த மணம் தாங்காமல் யன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டுவேன். நாக்கில் எப்போதும் இரும்பு ருசி. சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று கணவர் போத்தலும் கையுமாகப் பின்னால் திரிவார்.

மருந்து ஏற்றும் ஒவ்வொரு தடவையும் தாதி சில கேள்விகள் கேட்பார். சத்தி (வாந்தி) எடுத்தீங்களோ, கை கால் விறைக்குதோ, காதிலை இரைச்சல் ஏதும் இருக்கோ.

"இல்லைப் பிள்ளை" என்றே சொல்லிவந்தேன். நான் பொய் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு ஐஸ் கொம்பனி இருக்கிறது. படகுகளுக்கு ஐஸ் அடிக்கும் அந்த மெசின் இரவும் பகலும் ஓடும். அதைச் சுழற்றும் பட்டி (பெல்ட்) தேய்ந்தால் 'கீ' என்று ஒரு சத்தம் போடும். நான் அந்தச் சத்தத்தில்தான் பிள்ளை பெற்றேன், பிள்ளை வளர்த்தேன். சிகிச்சையின் நடுவில் அந்தக் 'கீ' கூடிவிட்டது. பட்டியை மாற்றாமல் வைத்திருக்கிறார்களே என்று முதலாளியைத் திட்டினேன். வைத்தியசாலையிலும் அந்தச் சத்தம் கேட்டபோது, இது மின்விசிறியாக்கும் என்று விட்டுவிட்டேன். சத்தத்துக்குள் வாழ்கிறவளுக்கு இன்னொரு சத்தம் எப்படித் தெரியும்?

பெரிய வெள்ளி வந்தது. அதற்கு முந்தின வாரத்தோடு மருந்து ஏற்றி முடிந்திருந்தது. பெரிய வெள்ளியன்று குருநகரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. கோயில் மணிகூட அடிக்காது, அதற்குப் பதில் மரத்தட்டியைத்தான் தட்டுவார்கள். பாடுகளின் வழிபாடு முடிந்து வந்து கதிரையில் சாய்ந்தேன். 'கீ' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"இஞ்சேருங்கோ, பெரிய வெள்ளியிலும் உவங்கள் மெசினை ஓட்டுறாங்களே! பயபக்தி இல்லையே?"

கணவர் கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"எந்த மெசின்?"

"ஐஸ் கொம்பனிதான். கேக்கேல்லையே?"

"அது நேற்றே பூட்டியாச்சு" என்றார் மெதுவாக. "ஒரு சத்தமும் இல்லையப்பா."

என் தலைக்குள் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானே சோகேசைத் திறந்து கண்ணாடித்தாளைக் கிழித்தேன். முதல் தட்டைப் போட்டேன். பொடியன் குரல், கூடவே வயலின், கம்பிமேல் இரும்பைச் சறுக்கி வாசிக்கும் அந்தக் கிட்டார். இதெல்லாம் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் படத்தோடு எழுதியிருந்தது. எனக்குக் கேட்டது வேறு. சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது போல ஒரு குரல். அது மேலே ஏறும்போதெல்லாம் அறுந்து அறுந்து போனது. வயலினுக்குப் பதில் வெறும் உரசல். தட்டுத்தான் பழுது என்று நடுத்தட்டு ஒன்றை எடுத்து, அப்பாவின் கசற்றில் இருந்த பாட்டைப் போட்டேன். அதை நான் நித்திரையிலும் பாடுவேன். எந்த இடத்தில் சறுக்குக் கிட்டார் அழும் என்று தெரியும். அந்த இடம் வந்தது. ஒன்றுமில்லை.

அன்றுதான் நான் அழுதேன். புற்றுநோய் என்று சொன்னபோது அழாதவள், ஒரு வெள்ளைக்காரனின் கிட்டாருக்காக அழுதேன்.

அடுத்த கிளினிக்கில் செவிப்புலன் பரிசோதனை செய்தார்கள். வைத்தியர் வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த ஒலிகளின் பக்கம் நேராக வந்த கோடு, உயர்ந்த ஒலிகளின் பக்கம் கிணற்றுக்குள் போவதுபோல இறங்கியது.

"இந்த மருந்து சிலபேருக்கு உப்பிடிச் செய்யும் அம்மா. உள்காதிலை இருக்கிற மெல்லிய மயிர்க் கலங்கள் செத்துப்போகும். திரும்பி முளைக்காது."

"இரைச்சல் தொடங்கின உடனை சொல்லியிருந்தால்?"

அவர் வரைபடத்தைத் திருப்பி வைத்தார். "மருந்தை மாத்தி யோசிச்சிருப்பம். காது முழுக்கத் தப்பியிருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். உங்களுக்குப் பாட்டு, ரேடியோவிலை வித்தியாசம் ஏதும் தெரியேல்லையோ?"

தெரிந்திருக்கும். ஒரே ஒரு நாள் அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் கிட்டார் போனதை அன்றே கண்டுபிடித்திருப்பேன். என் காதைச் சோதிக்க உலகத்திலேயே சிறந்த கருவி சோகேசுக்குள் பூட்டியிருந்தது. பூட்டியவள் நான். சுகத்துக்காக நேர்ந்தேன், சுகம் வந்தது. நேர்ந்ததையே கொடுக்கவேண்டி வந்துவிட்டது. இதற்காக ஆண்டவரோடு கோபித்தேன், பிறகு என்னோடு கோபித்தேன். இரண்டு கோபமும் இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கும் இந்த மருந்து ஏற்றினால், தயவுசெய்து பிடித்த பாட்டைத் தினமும் கேளுங்கள். தபசுகாலமானால் வேறெதையாவது விடுங்கள். காதில் சத்தம் கேட்டால் அது ஐஸ் கொம்பனியா, உங்கள் காதா என்று வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டு, பிறகு தாதிக்கு "இல்லை" சொல்லுங்கள்.

பிறகு கருப்பைக்குள்ளிருந்து கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. ஸ்கானில் கட்டி இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன். தையல் மெசின் ஊசியின் சத்தம் கேட்பதில்லை, விரலில் உணர்ந்து தைக்கிறேன். குயில் கூவுவது கேட்கிறது, அணில் கத்துவது கேட்பதில்லை. ஐஸ் கொம்பனி எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று எனக்கு இனித் தெரியாது. என் வரைக்கும் அது நிற்பதில்லை.

காதுக் கருவி கொஞ்சம் உதவுகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கடைசித் தட்டை வைத்தேன். கிழவனாகிவிட்ட அந்த மனிதரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. கூட வயலின் இல்லை, ஆட்களில்லை, கிட்டாரின் தடித்த கம்பிகள் மட்டும். ஒவ்வொரு மூச்சும் கேட்டது. அவருடைய முதுமை மட்டும் எனக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது.

அதனால் பெட்டியைப் பின்னாலிருந்து கேட்கிறேன். கடைசியிலிருந்து ஒவ்வொரு தட்டாக அவர் இளமைக்குப் போகிறார். போகப் போக எனக்கு மங்குகிறார். முதல் தட்டில் நான் அவரைத் தொலைத்துவிடுகிறேன்.

போன வாரம் அந்த முதல் தட்டைக் கணவர் தானாகவே போட்டார். தபசுகாலம் முடிந்தும் சாராயத்தைத் தொடாத மனிதர். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, மாட்டுக்காரன் பாட்டை முகம் சுழிக்காமல் கேட்டார். திடீரென்று என் கையை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையின் உள்பக்கத்திலிருந்து ஒரு விரலால் மெல்ல மேலே கோடு இழுத்தார்.

"உதிலைதான் வயலின் வருது" என்றார். "இப்ப ஏறுது. இன்னும் ஏறுது."

விரல் மணிக்கட்டுவரை போய், அங்கே நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.