ஃபியூஸ் பிடுங்கிய பிறகும்...

நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இது போன ஆவணியில், மல்லசமுத்திரத்தில் என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

நான் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் செய்து ஊர் ஊராகப் பேசுவது என் பைத்தியம். அதற்குக் கரண்ட் கொடுக்க, பழைய இரும்புக் கடையில் ஒரு வெல்டிங் செட் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கினேன். பழைய சுற்றை அவிழ்த்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றினேன். ஆயிரம் வோல்ட் வரும். தொட்டால் ஆள் காலி.

அதனால் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களின் பழக்கம் எனக்கும் உண்டு. கை வைக்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வேறு யாரும் தெரியாமல் கரண்ட் விட முடியாது.

ஞாயிறு மதியம் 2:10. கட்டை என் பையில். பல்லில் இன்சுலேஷன் டேப்பைக் கடித்தபடி குனிந்திருந்தேன்.

ம்ம்ம்ம்...

டிரான்ஸ்ஃபார்மர் முனகியது.

பையைத் தொட்டேன். கட்டை இருந்தது. மீட்டரை வைத்தேன். பூஜ்யம். பயந்தாங்கொள்ளி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

2:14. முனகல் ஏறியது. மீட்டர் முள் துள்ளியது.

ஆயிரம்!

2:17. என் மனைவி மஞ்சுளா உள்ளே வந்தாள். ஈரக் கை. நேராக டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி நீட்டினாள்.

டேப்பைத் துப்பினேன்.

"தொடாத!"

மர ஸ்டூலால் அவளை நெட்டித் தள்ளினேன். விரல் நுனியில் நீலப் பொறி...

பட்!

முனகல் நின்றது.

"நீங்கதானுங்க கூப்புட்டீங்க?" விழுந்த இடத்திலேயே அழுதாள். "கரண்ட் இல்ல மஞ்சு, வந்து புடின்னு..."

நான் கூப்பிடவில்லை. என் வாயில் டேப் இருந்தது.

2:31. போன். நாமகிரிப்பேட்டை பூபதி, ரேடியோ நண்பர்.

"ஏனுங்க, மைக்க ஆஃப் பண்ணாம உட்டுட்டீங்களா? ஊட்டுல யாரையோ புடி, புடிங்கறீங்க. ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேனுங்க."

அனுப்பினார். ஃபியூஸ் பிடுங்கிய செட்டிலிருந்து போயிருந்தது என் குரல்தான். மஞ்சுளா இரண்டு முறை கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று மாலையே தன் அண்ணனோடு எடப்பாடிக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தச் சனியனை இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். கடைக்காரர் தீனதயாளனை உலுக்கிக் கேட்டேன்.

"ஒரு வெல்டிங் பட்டறைச் சாமானுங்க இது. கரண்ட் இல்ல, வந்து புடின்னு கூப்புட்டு, பட்டறைக்காரன் சம்சாரத்தக் கொன்னுட்டான்னு கேஸு. ஜெயில்லயே செத்தும் போனான்."

"பாவி..." என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் கடைசி வரைக்கும் ஒரே வார்த்தையத்தானுங்க சொன்னான். 'நான் அவளக் கூப்புடவே இல்லீங்க'ன்னு..."