தென்னைக்கு மேலே நின்ற தட்டு

கொல்லயில் ஊரில் பறக்கும் தட்டு வந்து நின்ற கதையைக் கேட்காதவர்கள் தொண்ணூறுகளில் பாறசாலைப் பக்கம் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அனில். அது பறக்கும் தட்டே இல்லை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல், அவன் கதை சொல்லும்போதெல்லாம் பின்னால் நின்று கீபோர்டு வாசித்தவள் ஜிஜா. அனிலைப் பற்றிப் பேச ஊரில் ஆள் உண்டு. ஜிஜாவைப் பற்றித்தான் யாரும் சொன்னதில்லை.

ஜிஜா பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்கன் வாசித்தாள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் நம்பும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. போதகர் பிரசங்கத்தில் ராஜாக்களின் ஆண்டுகளை அடுக்கும்போது, ஆர்கன் முன்னால் உட்கார்ந்தபடியே மனதுக்குள் அதைச் சரிபார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு தப்புக் கணக்குக்கு வருடக்கணக்கில் துணை நின்றாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு மெட்டு.

அவளுடைய அண்ணன் ஜித்தினுக்கு சவுதியில் வேலை. அடுத்தடுத்து இரண்டு கிறிஸ்மஸுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருவழியாக அவன் வந்து இறங்கியது மார்ச் மாதத்துக் கொடும் வெயிலில். அம்மா ராஜபாய் அதையெல்லாம் பார்க்கவில்லை. கேக் வேகவைத்தாள், ஆப்பத்துக்கு மாவு அரைத்தாள், "மச்சுலேருந்து ஸ்டாரை எடும்" என்று கணவர் ராஜதாஸை விரட்டினாள்.

டிசம்பர் வந்தால் அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கிறிஸ்மஸ் ஸ்டார் உயரத்தில் நிற்கிறது என்பதில் ஒரு போட்டி உண்டு. ராஜதாஸ் வீட்டு ஸ்டார் மூங்கில் கீற்றில் கட்டியது, நல்ல பெரியது. மச்சில் கிடந்த காலத்தில் எலி இரண்டு மூலைகளைத் தின்றுவிட்டது. மற்ற மூலைகளும் மடங்கிப்போய்விட்டன. சிவப்புத் தாள் வெளிறி ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. தேங்காய் பறிக்கிற ராஜப்பனைக் கூப்பிட்டு, வீட்டைச் சுற்றியிருந்த விளையிலேயே உயரமான தென்னையின் உச்சியில் அதைக் கட்டச் சொன்னார்கள்.

"ஈஸ்டர் நோம்புல ஸ்டாரா?" என்று ராஜப்பன் பாதி மரத்தில் நின்று கேட்டான்.

"எங்களுக்கு இன்னைக்காக்கும் கிறிஸ்மஸ். நீ கட்டிட்டு எறங்கு, ஆப்பம் தாறேன்" என்றாள் ராஜபாய்.

அந்திக்கு ஸ்டாருக்குள் பல்ப் எரிந்தது. காற்றில் மெதுவாகச் சுற்றியது. எல்லோரும் முற்றத்தில் நின்று பாடத் தொடங்கி இரண்டாம் சரணத்துக்கு வந்தபோது பவர்கட். சிரித்துக்கொண்டே உள்ளே போய் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கரண்ட் வந்த பிறகு யாரும் ஸ்டாரை நினைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அது பழையபடி மச்சுக்குப் போய்விட்டது.

பவர்கட் வந்த அந்த நேரத்தில் வயலுக்கு அக்கரையில், வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் அனில்.

கிருஷ்ணன்குட்டியின் மகன் அனில் பாறசாலையில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவும் டேப்ரிக்கார்டர் ரிப்பேரும் பார்த்தான். திருவனந்தபுரத்தில் படிக்கும் பையன்கள் காப்பி எடுக்கக் கொண்டுவரும் இங்கிலீஷ் ராக் கேசட்டுகளில் தனக்கும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வான். பழைய பத்திரிகைகளில் பறக்கும் தட்டுப் படம் கண்டால் கிழித்துக் கடைச் சுவரில் ஒட்டுவான். கிதார் வாசிப்பான். ஆனால் வாசித்தது யாரோ நடத்தும் கானமேளாக் கச்சேரியில், மூன்றாவது கிதாராக. சில மேடைகளில் அவனுடைய கிதார் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகக்கூட மாட்டார்கள். மனம் விட்டுப்போய், கிதாரை விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

மறுநாள் காலையில், ஜித்தின் கொண்டுவந்த கீபோர்டுக்கு அடாப்டர் கொடுக்க அவன் ஜிஜா வீட்டுக்கு வந்தான். ராஜபாய் அடுக்களையில் இருந்தாள். மற்றவர்கள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அனிலின் கண் இரண்டும் தூங்காமல் சிவந்திருந்தது.

"ஜிஜா, நான் கண்டேன்" என்றான். "தென்னைக்கு மேல. ஆரஞ்சு நிறம். ஒரு சொளவு அளவு உண்டு. சாவகாசமா சுத்திச்சு. நான் சைக்கிளைச் சாத்திட்டு நிமிந்து பாக்குதேன், ஒரேயடியா அணைஞ்சு போச்சு."

சொளவு என்றால் அந்தப் பக்கத்தில் முறம். ஜிஜாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஊர் முழுக்க இருண்டதை இந்த மனிதன் மட்டும் கவனிக்கவில்லை! வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு பூமி இருட்டானது எப்படித் தெரியும்? 'அது எங்க வீட்டு ஸ்டார்லே' என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவன், "வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு பாட்டு வந்துட்டு, கேளு" என்று முனகத் தொடங்கினான்.

தூரத்துலேருந்து வந்தவனே,
எங்க தென்னைக்கு மேல நின்னவனே,
எறங்கி வா, கஞ்சி குடிச்சிட்டுப் போலாம்,
எந்த ஊரானாலும் பசி ஒண்ணுதானே.

மெட்டு நன்றாக இருந்தது. ஆர்கனில் பழகிய காது பொய் சொல்லாது. அதுவரை ஊரார் பாட்டையே வாசித்தவன் வாயிலிருந்து வந்த முதல் சொந்தப் பாட்டு அது. ஜிஜா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, புதுக் கீபோர்டைச் சொருகி, அந்த மெட்டுக்கு அடியில் ஒரு சுரத்தைப் பிடித்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை எங்கே வருகிறது!

மருந்துக் கடையில் நிற்கும் மனு டிரம்ஸுக்கு வந்தான். அவன் கோயில் திருவிழாக்களில் சிங்காரிமேளம் அடித்த கை. மூவரும் சேர்ந்து குழுவுக்கு 'பறக்கும் தட்டு' என்றே பெயர் வைத்தார்கள். ஒத்திகை, ராஜதாஸ் ரப்பரைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையான புகைப்புரையில். ரப்பர் ஷீட்டுகள் தொங்கும் மூங்கில் கழிகளுக்கு நடுவில், அனில் பழைய ரேடியோவைப் பிரித்துச் செய்த ஒரு பெட்டி வழியாகக் கிதார் உறுமும். ஜிஜாவின் உடுப்பெல்லாம் ரப்பர் புகை மணத்தது. சபையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி புஷ்பபாய் மூக்கைச் சுளிப்பாள்: "நேத்தும் தட்டு பறந்துதாக்கும்?"

பறந்தது. ஓண விழா, கிளப் ஆண்டு விழா, காலேஜ் கலைவிழா என்று நன்றாகவே பறந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் அனில் தான் கண்டதைச் சொல்வான், ஜிஜா கீழ்க்கட்டையில் விரலை அழுத்திப் பிடித்திருப்பாள். மேடை ஏற ஏறத் தட்டும் வளர்ந்தது. சொளவாக இருந்தது பிரியாணி அண்டா ஆயிற்று, அப்புறம் வண்டிச் சக்கரம், கடைசியில் டிரான்ஸ்போர்ட் பஸ். அவன் வேண்டுமென்று கூட்டவில்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் கை தானாக விரிந்துவிடும்.

அந்த வளர்த்தியே ஜிஜாவுக்குக் காவலாகவும் இருந்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஆப்பம் தின்றவர்களும் கதையைக் கேட்டார்கள். ஆனால் பஸ்ஸையும் எலி கடித்த ஸ்டாரையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? இருந்தாலும் டிசம்பர் வந்ததும் அவள் அப்பாவை நச்சரித்து புது ஸ்டார் வாங்க வைத்தாள். பழையது மச்சை விட்டு இறங்கவில்லை. புது ஸ்டாருக்குக் கீழே நின்று கேக் தின்ற அனில், "நல்ல ஸ்டாராக்கும்" என்றான். ஜிஜா அவனுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

அவளுடைய பயம் ஒன்றுதான். உண்மை தெரிந்தால் அவன் மறுபடியும் ஒயர் சொருகாத மூன்றாவது கிதாராகிவிடுவான். புகைப்புரையில் ரப்பர் ஷீட் மட்டும் தொங்கும். அவளுக்கும் கணக்கையும் ஆர்கனையும் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. அந்த மூவருடைய சத்தத்தை அவள் உயிராக நேசித்தாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு கிளப்பின் ஆண்டு விழாவில் அது நடந்தது. பாட்டுக்கு முன்னால் கேள்வி நேரம் வைத்திருந்தார்கள். கேட்க வந்தவர் விலாசினி டீச்சர், அனிலுக்குப் பள்ளியில் சயன்ஸ் எடுத்தவர். கேலி செய்ய வரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார்.

"அனிலே, நின்ன இடம் எது?"

"வயல் வரப்பு டீச்சரே."

"அது நின்னது எந்தத் தென்னைக்கு மேல?"

இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. "ராஜதாஸ் மாமன் விளையில, கிணத்துக்குப் பக்கத்துல நிக்குத ஒசந்த தென்னை" என்றான் அனில்.

"எந்த மாசம்?"

"மார்ச்சு. இவ அண்ணன் சவுதியிலேருந்து வந்த அன்னைக்கு."

மேடை ஓரத்தில், குழுவுக்குச் சாமான் தூக்கக் கூட வந்திருந்த ராஜப்பன் கையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே வைத்தான். அந்தத் தென்னையில் ஏறுகிறவன் ஊரில் அவன் ஒருவன்தான். அவன் நெற்றி சுருங்குவதையும் பின்பு மெல்ல விரிவதையும் ஜிஜா பார்த்தாள். ராஜப்பன் நல்லவன். ஆனால் அவன் வாயில் ஒன்றும் தங்காது. இன்னும் ஒரு நொடியில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரிக்கப் போகிறான்.

யாரோ சொல்லி அனில் அதைக் கேட்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. மைக்கை எடுத்தாள்.

"அது எங்க வீட்டு கிறிஸ்மஸ் ஸ்டார்" என்றாள். "பவர்கட்டுல அணைஞ்சது. எனக்கு மொதல்லயே தெரியும்."

கூட்டம் சிரித்து உருண்டது. ஒருவன் விசிலடித்தான். அனில் அவளை ஒருமுறை பார்த்தான். ஒயரைப் பிடுங்கி, கேசட் கடைக்காரனின் பழக்கப்படி முறுக்கில்லாமல் சுற்றி, கிதாரோடு இறங்கிப் போய்விட்டான்.

"கொஞ்சம் நோகாமச் சொல்லியிருக்கலாம்" என்றான் மனு. அவன் ஆறுதல் அவ்வளவுதான்.

அதன் பிறகு புகைப்புரையில் சத்தம் இல்லை. ஜிஜாவின் உடுப்பில் சோப்பு மணம் மட்டும் இருந்தது. புஷ்பபாய்கூட ஒன்றும் கேட்கவில்லை. கேசட் கடையைத் தாண்டித்தான் டியூட்டோரியலுக்குப் போக வேண்டும். அவன் தலை நிமிரவில்லை, அவள் நிற்கவில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும்போது அந்தத் தென்னையை நிமிர்ந்து பார்த்து ஒருநாள் அவள் அழுதாள். உண்மையைச் சொன்னதற்கு அழவில்லை, ஆள் இல்லாமல் போனதற்கு அழுதாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அனில் வந்தான். முற்றத்திலேயே நின்றான்.

"மாமி, அந்த ஸ்டாரை ஒண்ணு பாக்கணும்" என்றான் ராஜபாயிடம்.

ராஜபாய் மச்சிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தாள். பட்டப்பகலில் அது பார்க்கச் சகிக்கவில்லை. கிழிந்த தாள், வளைந்த மூங்கில், நடுவில் ஒரு பல்ப் ஹோல்டர். அனில் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் பொய் சொன்னேன்னு நினைச்சியா?" என்றான், ஜிஜாவைப் பார்க்காமல்.

"இல்ல. கண்டதைத்தான் சொன்னே. அளவுதான் கூடிப்போச்சு."

"பின்ன ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ பாட்டு பாடினே. பாட்டு நல்லா இருந்துது."

அவன் ராஜபாயின் பக்கம் திரும்பினான். "மார்ச் மாசத்துல என்னத்துக்கு மாமி ஸ்டார் ஏத்தினீங்க?" என்று கேட்டான்.

ராஜபாய் சொன்னாள். ஜித்தின் தவறவிட்ட கிறிஸ்மஸ்களைச் சொன்னாள், அவனுக்காக வெயிலில் வைத்த கேக்கைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை என்பதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "அவன் எறங்கி வாற வழிக்கு ஒரு வெளக்கு வேணும்னு தோணிச்சு மக்கா. பிளேன்ல வாறவனுக்குத் தென்னை ஒசரமாவது வேண்டாமா?"

"அப்போ தூரத்துலேருந்து வந்த ஆளுக்குத்தான் வெளக்கு" என்றான் அனில். ஸ்டாரைப் பார்த்துத்தான் சொன்னான். மடங்கிய மூலை ஒன்றை விரலால் நீவி நிமிர்த்தினான், அது மறுபடியும் மடங்கிக்கொண்டது.

"எலே மக்கா, அந்தப் பாட்டை ஒரு டேப்புல எடுத்துத் தருவியா?" என்றாள் ராஜபாய். "ஜித்தினுக்குக் கொடுத்தனுப்பணும். அவன் கேட்டதே இல்லியே."

அடுத்த வாரமே மனுவையும் வரச்சொல்லி, புகைப்புரையில் டேப்ரிக்கார்டரை வைத்தார்கள். ஸ்டாரும் ஒரு மூங்கில் கழியில், ரப்பர் ஷீட்டுகளோடு சேர்ந்து தொங்கியது. அனில் அதற்குள் ஒரு பல்பைப் போட்டிருந்தான். ராஜபாய் கதவோரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டேப்பில் விழுந்துவிடும் என்று பயந்து இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டிருந்தாள்.

அனில் பதிவு பட்டனை அழுத்தினான். ஜிஜா கீழ்க்கட்டையில் விரலை வைத்தாள். பாட்டைத் தொடங்குவான் என்று நினைத்தால், வழக்கம்போலக் கதையை எடுத்தான்.

"ஜித்தின் அண்ணா, நீங்க வந்த அன்னைக்குச் சாயங்காலம் நான் உங்க தென்னைக்கு மேல ஒண்ணு கண்டேன். ஆரஞ்சு நிறம். சாவகாசமா சுத்திச்சு."

சொல்லும்போது அவன் கை பழக்கத்தில் விரியத் தொடங்கியது. ஜிஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்று, மெதுவாக உள்ளே வந்து, தொங்கும் ஸ்டாரின் அகலத்துக்கு வந்து நின்றது.

"ஒரு சொளவு அளவு உண்டு" என்றான்.