சேலா வரும் இடம்

அந்த அறுப்பின் பண்டிகைக்கு முன்பு எங்கள் சபையில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மதுரையில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, தேனிக் கடைவீதியில் எங்கள் தகப்பனார் நடத்திய இரும்புச் சாமான் கடைக்கே திரும்பிவந்தவன் நான். முப்பத்தொரு ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்துவருகிறேன். அதில் பதினாறு ஆண்டுகள் சபைக் குழுவின் செயலராகவும் இருந்தேன். அல்லிநகரத்திலிருந்து நடந்தே வந்து, முதல் மணி அடிக்கும்முன் முன்வரிசையில் அமர்ந்துவிடுவது என் வழக்கம். போதகர்கள் மாறினார்கள், பாடம் வாசிக்கும் குரல் மாறவில்லை. என் உச்சரிப்பில் ஒருவரும் பிழை கண்டதில்லை.

எங்கள் சபையில் வேதாகமத்துச் சங்கீதத்தை ஒருவரே வாசித்து முடிப்பதில்லை. ஒற்றைப்படை வசனங்களை முன்னின்று வாசிப்பவர் வாசிப்பார். இரட்டைப்படை வசனங்களைச் சபையார் சேர்ந்து வாசிப்பார்கள். வீட்டு ஜெபத்திலும் அப்படியே இருவர் பங்கிட்டுக்கொள்வோம். சில சங்கீதங்களில், வசனம் முடிந்ததும், அடைப்புக்குறிக்குள் 'சேலா' என்று ஒரு சொல் அச்சிடப்பட்டிருக்கும். எபிரேயச் சொல் அது. மொழிபெயர்த்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் அதை வாசிப்பதில்லை. கண் அதன்மேல் பட்டு, அடுத்த வசனத்துக்குத் தாவிவிடும். கல்லூரியில் எங்களுக்கு வேதபாட வகுப்பு எடுத்த பேராசிரியர், அது இசைக்கருவி வாசிப்போருக்கான குறிப்பாக இருக்கலாம், திட்டமான பொருள் எவருக்கும் தெரியாது என்றார். பொருள் தெரியாத சொல்லை வாய்விட்டு வாசிப்பது படித்தவனுக்கு அழகல்ல என்று நான் முடிவுசெய்தேன். செயலரானபின் அதையே சபையின் ஒழுங்காகவும் ஆக்கினேன். சேலா வாசிக்கப்படாது, அங்கே நிற்பதும் இல்லை.

நிற்பவன் ஒருவன் இருந்தான். என் தம்பி.

என்னைவிட நான்கு வயது இளையவன். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கடையில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததால்தான் நான் மதுரையில் தொடர்ந்து படிக்க முடிந்தது. ஆர்மோனியத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு, பின்னாளில் எங்கள் பாடகர் குழுவை நடத்தினான். கல்லூரி விடுமுறைகளில் நான் வீட்டுக்கு வரும்போது, மாலை ஜெபத்தில் எனக்கு ஒற்றைப்படை, அவனுக்கு இரட்டைப்படை. அவன் பங்கில் சேலா வந்தால், வசனத்தை முடித்துவிட்டு, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் பேசாமல் இருப்பான். நான் அந்த மூச்சின்மேலேயே அடுத்த வசனத்தைத் தொடங்கிவிடுவேன். ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் கேட்டேன்.

"அங்கன என்னடா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கிற? எடம் விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. சேலா போட்டிருக்குல்ல."

"அதுக்கு அர்த்தமே தெரியாதுடா. எங்க புரொபசரே சொல்லிட்டாரு."

"அர்த்தம் இல்லாமலா மெனக்கெட்டு அச்சுல போட்டிருக்காக? ஒரு வசனம் நீங்க வாசிக்கிறீக, ஒரு வசனம் நான் வாசிக்கிறேன். அந்த எடம் ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அங்கன அவரு வாசிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எவரு?"

"யாருகிட்ட ஜெபம் பண்றமோ அவருதான். நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்திக்கிட்டே இருந்தா, பாவம், அவரு எப்பத்தான் பேசுறது?"

"ஒன் ஞானத்த எல்லாம் ஆணி நிறுத்துக் குடுக்கிறதுல காட்டு" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் எதையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் மகன், கம்பத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இரண்டு வீட்டாரும் கலங்கினார்கள். சில மாதங்களில் இரண்டு வீட்டாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளாதவன் நான். கடைவீதியில் என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மகன் இப்படி மணம் செய்திருக்க, தகப்பன் பாடகர் குழுவை நடத்துவது பேச்சுக்கு இடமாகும் என்று கருதினேன். மற்றவர்கள் எழுப்பும்முன் நானே முடித்துவிட்டால் குடும்பத்தின் பெயர் தப்பும் என்று நினைத்தேன். அடுத்த குழுக் கூட்டத்தில், நிகழ்ச்சிநிரலின் மூன்றாம் பொருளாக, பாடகர் குழுத் தலைவர் தம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறார் என்று வாசித்தேன். அவனை முன்னதாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் எழுந்து நின்றான். வலது கை சட்டைப்பையின்மேல் இருந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம்."

நான் தலை நிமிரவில்லை. நான்காம் பொருளை வாசித்தேன். கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது பற்றியது அது. வாசித்து முடித்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

அந்த மாதமே மார்க்கையன்கோட்டைக்குப் போய்விட்டான். அவன் மனைவிக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த வயல் அங்கே இருந்தது. தேனியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஒன்பது ஆண்டுகளில் நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

ஆர்மோனியம் இருந்த இடத்துக்குக் கீபோர்டு வந்தது. சபையார் சேர்ந்து வாசிக்கும்போது தம்பியின் குரல் மட்டும் எப்போதும் ஓர் அடி பிந்தி முடியும். அந்தக் குரல் போனபின் வாசிப்பு சீராயிற்று. நான் பல ஆண்டுகளாக விரும்பிய சீர் அதுதான். கிடைத்தபின் ஒவ்வொரு ஞாயிறும் அது எனக்கு வெறுமையாகவே கேட்டது. கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ ஒரு திருமணத்துக்கென்று போகும்போது, சின்னமனூரைத் தாண்டும்வரை காரின் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பேன். நடவு முடிந்த வயல்களில், வரப்பின்மேல் குடையோடு நடக்கும் ஒவ்வொரு வயதானவரையும் பார்ப்பேன். அவனாக இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. வண்டியை நிறுத்தச் சொல்லமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

வீட்டில் இரட்டைப்படை வசனங்கள் என் மனைவியின் பங்காயின. அவள் ஒருமுறை சொன்னாள்: "பிரேக் இல்லாத லாரி மாதிரி வாசிக்கிறீக. எதிர வாரவ மூச்சு விடவேணாமா?"

இப்போதைய போதகர் இளையவர்; வெளியூர்க்காரர். பண்டிகைக்கு இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஐயா, சேலான்னா என்னன்னு வாலிபர் கூட்டத்துல கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன், அவங்களுக்குப் பத்தல. நீங்கதான் சபை மடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். எபிரேயம், இசைக்குறிப்பு, அறிஞர்களின் கருத்து வேறுபாடு ஆகிய எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதி அரைப் பக்கத்துக்கு என்னிடம் எதுவும் இல்லை. தம்பி சொன்னதை எழுதினேன். மாறி மாறி வாசிக்கும் இருவரில் எவருக்கும் உரியதல்லாத இடம் அது. மனிதர் வாய்மூடும் அவ்விடத்தில் தேவன் தம் பங்கை வாசிக்கிறார் என்று எழுதினேன். எழுத எழுத அந்தக் கருத்து என்னைவிட்டு அகலவில்லை. நாம் விண்ணப்பத்தைச் சொல்கிறோம், முறையீட்டைச் சொல்கிறோம், நன்றியைச் சொல்கிறோம், சொல்லிக்கொண்டே போகிறோம். கேட்பதற்கென்று ஓர் இடத்தைச் சங்கீதக்காரன் விட்டுவைத்திருக்கிறான். அதன்மேல் நான் முப்பது ஆண்டுகள் நடந்து போயிருக்கிறேன்.

மடல் அச்சாகி வந்தது. கட்டுரையின் கீழே என் பெயரும் பட்டமும் இருந்தன. தம்பியின் பெயர் இல்லை. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே வாசித்தாள்.

"இது கொழுந்தன் சொன்னதுல்ல?"

"பொதுவான கருத்துதான்."

"எது, இதுவா பொது? எங்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்காரு! அன்னைக்கு அவரு சொல்லாதத அவரு சொன்னதா வாசிச்சீக. இன்னைக்கு அவரு சொன்னத நீங்க சொன்னதா எழுதிட்டீக. நல்லாத்தான் இருக்கு ஒங்க படிப்பு."

மடல் சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் எங்கள் சபையார் எல்லோருக்கும் போகும். மார்க்கையன்கோட்டைக்கும் போயிருக்கும். அவன் அதை வாசித்தானா, வாசித்து என்ன நினைத்தான் என்பதைத் தவிர வேறு எதையும் பண்டிகைவரை நான் நினைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அவன் ஒருநாள் வருவான் என்று சொல்லாமல் காத்திருந்தேன். இனி வரமாட்டான் என்று பயந்தேன்.

அறுப்பின் பண்டிகையன்று அவரவர் நிலத்துப் பலனைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். தூணுக்குத் தூண் வாழைத்தார், கரும்புக்கட்டு, கூடை கூடையாகக் கறுப்புத் திராட்சை. அன்றைய சங்கீதம் சிறியது. நிலம் தன் பலனைத் தருவதைச் சொல்லும் ஏழே வசனங்கள். அதில் இரண்டாம் வசனத்தின் முடிவிலும் நான்காம் வசனத்தின் முடிவிலும் சேலா இருக்கிறது.

முதல் வசனத்தை வாசித்தேன். சபையார் இரண்டாவதை வாசித்தார்கள். எல்லாக் குரல்களும் ஒன்றாக முடிந்தன. பின்வரிசையில் ஒரு குரல் மட்டும் ஓர் அடி பிந்தி முடிந்தது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் விரல் மூன்றாம் வசனத்தின்மேல் இருந்தது. விரலுக்கு இடப்பக்கம், அடைப்புக்குறிக்குள், அந்தச் சொல் இருந்தது. நின்றேன்.

மின்விசிறிகள் சுற்றின. வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. போதகர் தாழ்ந்த குரலில், "மூணாவது வசனம், ஐயா" என்றார். அது எனக்குத் தெரியும். அந்த அமைதியில் தேவன் எதை வாசித்தார் என்று எழுத எனக்கு அருகதை இல்லை. எனக்குக் கேட்டது 'அண்ணே, ஒரு நிமிசம்' என்பதுதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் நான் நான்காம் பொருளை வாசித்து மூடியிருந்தேன்.

பிறகு மூன்றாம் வசனத்தை வாசித்தேன். நான்காம் வசனத்தின் முடிவில் மறுபடியும் நின்றேன். இம்முறை போதகர் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஏழாம் வசனம் முடிந்ததும் வேதப் புத்தகத்தை மூடிவிட்டு, முன்வரிசையில் இருந்த என் இடத்தைக் கடந்து நடந்தேன். கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை முழுதும் நரைத்து, ஆள் பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் உட்கார்ந்தேன். காணிக்கைப் பாட்டு தொடங்கி, எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நாங்கள் இருவர் மட்டும் எழவில்லை.

"மடலு வந்துச்சுண்ணே" என்றான்.

நான் அவன் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன்.

"நல்லா எழுதியிருக்கீக. எங்கனயோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்குக் கூட்டத்துல என்னடா சொல்ல வந்த?"

"என்னைக்கு?"

"ஒரு நிமிசம்னியே."

"அதுவா? வெலகிக்கிறேன்னு லெட்டர் நானே எழுதிப் பையில வச்சிருந்தேண்ணே. ஒங்களுக்குச் சங்கடம் வேணாம்னுதான். எந்திரிச்சு, அத ஒங்க கையில குடுக்கத்தான் ஒரு நிமிசம் கேட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாகளா?"

"அடிச்சாக."

"அடிக்கட்டும், அடிக்கட்டும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆராதனை முடிந்தபின் பேருந்து நிலையம்வரை இருவரும் நடந்தோம். ஆர்மோனியம் வாசிக்கிறாயா என்று கேட்டேன். விரல் மரத்துப்போய்விட்டது என்றான். திரும்ப வந்துவிடு என்று சொல்ல நினைத்து, ஐந்து முறையாவது வாயைத் திறந்திருப்பேன். "கம்பத்து மருமக சமைச்சு வச்சுக் காத்துக்கிட்டிருக்கும். வரட்டுமாண்ணே" என்று பேருந்தில் ஏறிவிட்டான். சன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி திரும்பும்வரை கையை உயர்த்தியே வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்திருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் பின்வரிசையைத்தான் முதலில் பார்க்கிறேன். மாலையில் நானும் மனைவியும் வாசிக்கும்போது, சேலா வரும் இடத்தில் நிற்கிறேன். சில நாள் அதிகமாகவே நின்றுவிடுகிறேன். "போதும், அவரு வாசிச்சு முடிச்சிருப்பாரு, மேல வாசிங்க" என்பாள். அந்த இடத்தில் தேவனுக்குச் செவிகொடுக்க வேண்டும். நான் ஓர் அடி பிந்தி முடியும் ஒரு குரலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இது குற்றமென்றால் அவர் மன்னிப்பார்.

சபையில் இப்போது வேறுவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரை குறைந்து எனக்கு மயக்கம் வந்ததால்தான் வாசிப்பு நின்றது என்கிறார்கள். தம்பி எழுந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான் என்று, என்மேல் உள்ள மரியாதையால், சிலர் சொல்லிவருகிறார்கள். சேலாவுக்கு நான் கண்ட விளக்கம் என்று போதகரும் இரண்டு பிரசங்கங்களில் எடுத்துச் சொல்லிவிட்டார்.

எனக்கு மயக்கம் வரவில்லை. அவன் எழுந்து வரவில்லை; நான் போனேன். அந்த விளக்கம் என் தம்பியுடையது.