சூலத்தில் கட்டிய கம்பி

பேட்டரி இல்லாமல் பேசும் ரேடியோ செய்யக் கற்றுக்கொடுக்க, ஈப்போ சிலிபினிலிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். ஆயாக்கொட்டகையில் குழந்தைகளின் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாய் விரித்து எங்களை உட்காரவைப்பார். பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் வகுப்பு. ஆண்களுக்கு அது பெரிய வேடிக்கை.

"புள்ளைங்க ரேடியோ செய்யட்டும். நாம உள்ள போயி தொட்டில ஆட்டலாம் லா," என்பார் அப்பா. ஆனால் போகாதே என்று சொன்னதில்லை.

மூங்கில் துண்டில் செப்புக்கம்பி சுற்றினோம். அரிசி அளவில் ஒரு கண்ணாடித் துண்டை அதில் இணைத்தோம். காதில் வைத்துக் கேட்க ஒரு பொத்தான். வீட்டில் யாருடைய ரேடியோ பேசுகிறதோ, அவர்களை ஈப்போவில் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன், அங்கேயே படிக்க அனுப்பும்படி பெற்றோரிடமும் பேசுவேன் என்றார் டீச்சர். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தப்போவதாக அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். இனி என் படிப்பு அந்தப் பொத்தானுக்குள்தான்.

என்னுடையது பேசவில்லை. ஒரு கம்பி மரத்தில் உயரமாகப் போகவேண்டும். அது போயிருந்தது, பால்மரத்துக்கா எங்களுக்குப் பஞ்சம்? இன்னொன்று எர்த் கம்பி. ஈரமண்ணில் ஆழமாக இறங்கிய இரும்பில் அதைக் கட்டவேண்டும். லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் எப்போதும் கூட்டம். யோசித்து யோசித்துப் பார்த்ததில், வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்த முனியாண்டியின் சூலம்தான் தென்பட்டது. அந்தப் பக்கம் கோழி கத்தினாலே நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். இருந்தும், மேலே குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைத் தொடாமல், அடியில் மஞ்சள் துணிக்குள் கம்பியை மறைத்துக் கட்டினேன். சாமி, சனிக்கிழமை வரைக்கும்தான் என்று வேண்டிக்கொண்டேன்.

பேசியது. கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் செய்தி வாசிப்பதுபோல. நானே செய்தது என்று தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். மாமாவைப் பேராக் ஆறு கொண்டுபோனதிலிருந்து அத்தை அதிகம் பேசுவதில்லை. அவள் பொத்தானை வாங்கிக் காதில் வைத்தாள். திருப்பித் தரவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி."

பிறகு தினமும் பொழுது சாயும்போது அதோடு உட்கார்ந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பூசைக்குச் சூலத்தைக் கழுவிய அப்பா கம்பியைப் பார்த்துவிட்டார். "எவன்டா சாமி மேல கம்பி கட்டுனது?" என்று பிடுங்கி வீட்டுப்பக்கம் எறிந்தார். நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து, ரேடியோவை ஒளித்துவைக்கப் பின்பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. மரங்களுக்கிடையே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை படியில் இருந்தாள். காதில் பொத்தான். எறிந்த கம்பியின் நுனியை ஈரத்தோடு எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டேன்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "சின்னவ நல்லா இருக்கா." அவளுக்கு நான்தான் சின்னவ.

"அத்த, அது பேசாது. அப்பா கம்பிய பிச்சிட்டாரு."

"பேசுதே. வா."

பொத்தானை என் காதில் வைத்தாள். குரல் இருந்தது. முன்னைவிடச் சன்னமாக, எங்கோ தூரத்தில், ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தான்.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டு, கம்பியைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

குரல் நின்றுவிட்டது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். டீச்சர் வீடு தேடி வந்தார்.

"உன்னோடது பேசிச்சாம்மா?"

"பேசல டீச்சர்."

"எர்த் சரியில்ல போல. எடுத்துட்டு வா, பாத்துடலாம்."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த வருஷக் கடைசியில் என் பள்ளிக்கூடம் நின்றது. நானும் பால்வெட்டப் போனேன்.

ஈரக் கையால் கம்பியைப் பிடித்தால் மனித உடம்பே எர்த் ஆகிவிடும், குரல் சன்னமாகக் கேட்கும், விட்டால் நின்றுவிடும். டீச்சர் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். எனக்கு அது தெரிய, என் மகள் பாலிடெக்னிக் போகவேண்டியிருந்தது. அவள் விளக்கியது நன்றாகவே புரிந்தது. செய்தி வாசிப்பவனும் பாடுகிறவனும் அத்தையிடம் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் அவளிடம் நான் கேட்கவில்லை.