வெயிலுக்கு நூறு

பால்மாவு டின்னோடு இலவசமாக வந்த நீலப் பிளாஸ்டிக் கேமரா அது. ஃபிளாஷ் கிடையாது, திருக ஒரு வளையம் கிடையாது. நண்பகலோ அந்தியோ, அதற்கு ஒரே கண்சிமிட்டல்தான். வெளிச்சத்துக்கு ஏற்ற பிலிமைப் பார்த்துப் போடுவது மட்டும் நம் பாடு.

சித்தியின் கல்யாணத்துக்கு அதுதான் கேமரா, நான்தான் படக்காரி. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த சித்தி, ஈப்போவில் தன்னோடு வேலை பார்த்த சிலோன்காரரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். "தோட்டத்து ஆளுங்க நம்மள அவங்க மதிக்க மாட்டாங்க" என்று மாமா, அவளுக்கிருந்த ஒரே அண்ணன், பேச்சை நிறுத்திக்கொண்டார். கல்யாணத்துக்கும் வரமாட்டாராம்.

டவுனில் பிலிம் கடைச் சீனர் கேட்டார்: "அடெக், தங்கச்சி, வெயிலா, நிழலா? வெயில்னா நூறு நம்பர் பிலிம். நிழல்னா நானூறு லா."

"உச்சி வெயில்ல கல்யாணம் அங்கிள். மண்டையப் பொளக்கும்."

சிரித்துக்கொண்டே நூறைக் கொடுத்தார்.

கல்யாணம் குகைக் கோயிலில். அதைக் கடைக்காரரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் சாமி மலையின் வயிற்றுக்குள் குடியிருப்பது அத்தனை சாதாரணம். வெளியே வெயில் கொதிக்க, உள்ளே சுண்ணாம்புப் பாறை ஈரம் சொட்ட, ஓமப்புகையில் நான் கேமராவைச் சிமிட்டிக்கொண்டே இருந்தேன். மாலை, தாலி, மெட்டி. சித்தியின் கண் மட்டும் குகை வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

"அண்ணன் வராதுடி. குனிஞ்சி உக்காரு" என்று அம்மா அதட்டினாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால், கார் நிற்கும் இடத்தில் மாமா. வேலைச் சட்டை, மோட்டார் சைக்கிள், தோளில் ஒரு கட்டு வாழை இலை.

"எல பத்தாதோன்னு கொண்டாந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"எல வாங்கியாச்சுண்ணே" என்றாள் சித்தி.

"இருந்தா என்ன, கெடக்கட்டும்."

யாரும் நகரவில்லை. எனக்கோ பிலிமில் ஒன்று பாக்கி. "மாமா, நீங்களும் நில்லுங்க. வீணாப் போயிரும்!"

"புள்ள கேக்குதேன்னு நிக்கிறேன்" என்று ஓரமாய் வந்து நின்றார். புது மாப்பிள்ளை இலைக்கட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சிமிட்டினேன்.

பிலிம் கழுவிப் படமாக வந்தபோது, குகைக்குள் எடுத்ததெல்லாம் இருட்டு. தாலி கட்டிய இடத்தில் விளக்குச் சுடர் ஒரு பொட்டு. கடைசிப் படம் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. அதில் மாப்பிள்ளையின் பாதி முகத்தை வாழை இலை மறைத்திருந்தது.

"அடுத்த தடவ நானூறு போடறேன் சித்தி" என்று அழுதேன்.

"அடுத்த தடவையா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதான் என் கல்யாணப் படம்லா" என்றாள்.

பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். கடைசி நேரத்தில் வந்து, நன்றாக விழுந்த ஒரே படத்தையும் கெடுத்துவிட்ட மாமாவை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டாதது எனக்கு வெகுநாள் விளங்கவே இல்லை.